அம்மன் வாளின் மறுபுறம்

2023 மார்ச் 14, செவ்வாய். நாலே முக்காலுக்கு எழுந்தேன். வெறுந்தேநீர். ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதிந்தேன். ஆறேகாலுக்கு மழைமானியைப் பார்த்தேன்: நான்கு மில்லிமீட்டர். ஏழு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தேன். அப்புத்தளைக்குக் கீழே உள்ள இந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் கிளாக்கர் வேலை. என் நாட்குறிப்பில் பெரும்பாலான பக்கங்கள் இப்படித்தான் தொடங்கும்.

பத்து மணிக்குத் தோட்டத்து மனேஜரான துரை பங்களாவுக்கு அழைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் அங்கே தங்கியிருந்தார், எழுபது வயதிருக்கும். அவருடைய பூட்டனார் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்துத் துரையாக இருந்தவர், தொண்டர் படையில் கப்டன். ஆபிரிக்கப் போருக்குப் போய்த் திரும்பியபோது ஊவா மாகாணத்து மற்றத் துரைமார் சேர்ந்து அவருக்கு ஒரு வாளைப் பரிசளித்தார்களாம். அதன் பழைய புகைப்படத்தை விருந்தாளி மேசையில் வைத்தார். சிங்கத் தலைப் பிடி. பிடியைச் சுற்றிய கைக்காப்பில் பூவேலை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அது எங்கள் மாரியம்மன் கோயில் வாள்.

திருவிழாவன்று அதன் முனையில் எலுமிச்சம்பழம் குத்திப் பூசாரி முன்னே நடப்பார், கரகம் பின்னால் வரும். வாள் இல்லாமல் கரகம் ஆற்றை விட்டு மேலேறியதில்லை. திருவிழாவுக்குப் பத்து நாட்களே இருந்தன.

மூன்று மணிக்கு நால்வரும் கோயிலில் இருந்தோம்: துரை, விருந்தாளி, நான், பூசாரி. பூசாரி ஓய்வுபெற்ற கங்காணி, அறுபத்தெட்டு வயது. வாளைச் சிவப்புத் துணியில் கிடத்தினார். சந்தனப் பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்ததும் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. துரை என்னை வாசிக்கச் சொன்னார். கப்டனின் பெயரை வாசித்தேன். ஊவாத் தோட்டத்துரைமாராகிய நண்பர்கள் அளித்தது என்பதையும் வாசித்தேன். விருந்தாளி தொப்பியைக் கழற்றினார்.

பிறகு வாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபுறம் கண்ணாடி போல இருந்தது. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் நான்தான் துலக்குகிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"இது எப்படிக் கோயிலுக்கு வந்திச்சு?" என்று துரை கேட்டார்.

எனக்கும் பூசாரிக்கும் தெரியாது. கோயிலில் எப்போதும் இருந்த பொருள்.

"தோட்டம் கைமாறுனப்ப பங்களாவுல இருந்து யாராச்சும் எடுத்திருப்பாங்க."

பூசாரியின் கை துணியின் மேல் அப்படியே நின்றது. "எடுத்தோம்னு சொல்லாதீங்க தொரை. வாள்ல பேர் இருக்கிற தொரைன்னு வருஷா வருஷம் இந்த ஐயாவோட பூட்டனுக்கு ரெண்டு சுருட்டும் ஒரு பிஸ்கட் பக்கட்டும் படையல் வைக்கிறோம். களவெடுத்தவன் யாராவது சுருட்டு வைப்பானா?"

துரை சிரிக்கவில்லை. விருந்தாளிக்கு மொழிபெயர்க்கவும் இல்லை.

"பேர் எழுதியிருக்கு. பேர் இருக்கிற சாமான் அவங்க குடும்பத்தோடது. இவர் நாளைக்கு ஒன்பது மணிக்குப் போறாரு. அதுக்கு முன்ன நீங்க பங்களாவுக்குக் கொண்டாங்க, கிளாக்கர்."

அவர்கள் போன பிறகு பூசாரி வாளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். "நீங்க கொண்டு போனா போங்க. என் கையால எடுத்துத் தரமாட்டேன்" என்றார். 

ஆறு மணிக்கு வீட்டில் அலுமாரியைத் திறந்தேன். வாள் கோயிலுக்கு வந்த விதத்தை யாராவது எப்போதாவது என்னிடம் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன் என்ற நம்பிக்கை. நாட்குறிப்புகள் வருட வரிசையில் இருக்கின்றன. வாளை நான் முதன்முதலில் துலக்கியது 2002 திருவிழாவுக்கு. அந்தப் பக்கம் கிடைத்தது:

'வாள் துலக்கினேன். ஒரு புறம் ஆங்கில எழுத்து, அழகானது. அதைத் துணியால் மட்டும் துடைத்தேன். மறுபுறம் பிடியை ஒட்டிக் கீறல்கள், ஒரே வரிசையில், ஆணியால் கீறியது போல. புளியும் சாம்பலும் போதவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பாதி போக்கினேன்.'

அடுத்த வருடக் குறிப்பு இன்னும் சுருக்கம்: 'கீறல்கள் போயின. திருப்தி.'

அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை. கீறல்கள் ஒரே வரிசையில் விழுவதில்லை. அங்கே ஏதோ எழுதியிருந்திருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்ததும் எழுத்து என்று தெரிந்த எனக்கு, கறுத்துப்போன இரும்பில் கைவேலையாக வெட்டிய எங்கள் எழுத்து அழுக்காகத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு இருபது வருடம் ஒரு திருவிழாவும் தவறாமல் அதன் மேல் புளி போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாட்குறிப்புகளையும் பையில் எடுத்து வைத்தேன். 

மறுநாள், மார்ச் 15, நாலரைக்குப் பூசாரியின் லயத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த எழுத்தத் தின்னது நீங்கதானா, கிளாக்கரய்யா?"

"ஆமாங்க."

அவர் டோர்ச்சைக் கையில் எடுத்தார். "புளி கரைச்சுக் குடுத்தது நான். பாதிப் பாவம் என்னோடது. வாங்க."

கோயிலில் அவர் டோர்ச் பிடித்தார். மறுபுறத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்து, பிடியிலிருந்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன். கைக்காப்பின் விளிம்புக்கு அடியில், உப்புத்தாள் எட்டாத இடத்தில், அம்மனின் பெயர், 'மாரி' என்று, வெள்ளையாக எழுந்தது. பிறகு நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் மட்டும். பூசாரி டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். "தேய்ங்க, நிறுத்தாதீங்க." வரிசையின் கடைசியில் கோணல்மாணலாக ஒரு சொல் வந்தது: 'கொடுத்தது'. யார் கொடுத்தது, எப்போது என்பதெல்லாம் நான் தேய்த்த பகுதியில் போய்விட்டன.

"எடுத்ததுன்னு இல்லையே?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. கொடுத்ததுன்னுதான் இருக்கு."

தாளின் அடியில் அந்த இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதினேன். நடுவில் உள்ளதை அழித்தவன் நான் என்று அதற்குக் கீழே எழுதி ஒப்பமிட்டேன். வாளை அம்மன் பக்கத்திலேயே சாத்தினோம். வாளுக்குப் பதிலாக அந்தத் தாளையும் இரண்டு நாட்குறிப்புகளையும் பையில் வைத்துக்கொண்டு, ஐந்தே காலுக்குப் பங்களா மணியை அடித்தேன்.