தீ கூடிவிட்டது என்று சொன்னேன்

பொய் சொன்னேன். என் அண்ணனின் ஏலக்காய் ஸ்டோரில் தீப்பிடித்ததற்குச் செல்லையா காரணம் அல்ல, நான்தான் காரணம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் பழியை அவர் தலையில் போட்டேன்.

நான் யாரென்று நீங்கள் கேட்கலாம். போடிநாயக்கனூரில் பிறந்து, கல்லூரி முடிக்கும்வரை கடலைப் பார்க்காமல் வளர்ந்து, கடைசியில் போர்க்கப்பல் வடிவமைக்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவன். கப்பலின் எந்தப் பாகத்தை எந்த உலோகத்தில் கட்டுவது என்று முடிவு செய்வது என் வேலை. ஊரில் எனக்குக் ‘கப்பல்காரர்’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் எத்தனை மிதப்பு!

அலுமினியத்தின் மேல் எனக்குத் தனி மோகம் இருந்தது. இன்றும் இருக்கிறது. போர்க்கப்பலுக்கு மேற்பாரம் ஆகாது. மேலே எடை கூடக் கூட, அலையில் சாய்ந்த கப்பல் நிமிரத் திணறும். அதனால் அடியுடலை எஃகில் கட்டிவிட்டு மேலறைகளை அலுமினியத்தில் கட்டுவதுண்டு. எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எஃகைப் போல் துருப்பிடித்து உதிராது. அதை முதன்முதலாகக் கையில் தூக்கிப் பார்த்த நாளில், மனிதன் எப்படி இதைக் கண்டுபிடித்தான் என்று வாய் பிளந்து நின்றேன்.

ஆனால் தீ என்று வந்துவிட்டால்... எஃகு சிவந்து எச்சரிக்கும். சிவந்த பின்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். அலுமினியம் சிவப்பதேயில்லை. பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளுக்குள் வலுவெல்லாம் போயிருக்கும், திடீரென்று தொய்ந்துவிடும். அதன் ஏணியில் ஏறித் தப்ப நினைத்தவன் கதி என்ன?

இதைச் சொல்லி அலுவலகக் கூட்டங்களில் நான் சண்டை போட்டிருக்கிறேன். “மாலுமி கவனமாக இருப்பான் என்று நம்பி உலோகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புகையில் கண் தெரியாமல் அவன் தடுமாறப் போகும் நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்” என்று மேசையைத் தட்டியிருக்கிறேன். தப்பிக்கும் வழியும் ஏணியும் எஃகாக வேண்டும், அலுமினியச் சுவருக்கு வெப்பம் தாங்கும் போர்வை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறேன். அப்படிப் பேசியவன் வீட்டில் என்ன செய்தான் என்பதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

அண்ணனின் தோட்டம் போடிமெட்டு தாண்டி மலைமேல் இருக்கிறது. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். வெளியே விறகு அடுப்பு. அதன் அனலும் புகையும் ஒரு பெரிய குழாய் வழியாக உள்ளே சுற்றிவந்து கூரைக்கு மேலே போகும். குழாயின் சூட்டில், மேலே அடுக்கிய வலைத்தட்டுகளில் காய் உலரும். சூடு கூடினால் காய் வெளிறிப்போகும், குறைந்தால் பூஞ்சை பூத்துப்போகும். பச்சை நிறம் கலையாமல் இறக்கினால்தான் போடி ஏலத்தில் மதிப்பு.

அந்த அடுப்பு செல்லையாவின் அடுப்பு. மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அடக்கமெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. “இந்த மலையில எத்தனையோ ஸ்டோரு இருக்கு தம்பி. ஆனா தீன்னா அது நம்ம தீதான்” என்பார், மீசையைத் தடவிக்கொண்டு. பேச்சுக்குத் தகுந்த வேலை! மழையில் ஊறிய விறகு, காய்ந்த விறகு எதுவானாலும் அவர் அடுப்பில் ஒரே சீராக எரியும். அவர் இறக்கிய காய் கிளிப்பச்சையாக இருக்கும். நான் பார்த்த பெரிய பெரிய உலைக்களங்களில்கூட அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

ஸ்டோரின் பழைய இரும்புக் குழாய் துருவேறி ஓட்டையாகிவிட்டது. அண்ணன் என்னிடம் கேட்டார். “நீ கப்பலுக்கே சொல்றவன். நம்ம குழாய்க்கு எது நல்லதுன்னு சொல்லு.”

அலுமினியம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? துரு பிடிக்காது, சூட்டை வேகமாகக் கடத்தும், விறகு மிச்சமாகும், ஒரே ஜீப்பில் மலை ஏற்றிவிடலாம்... காரணங்கள் வரிசையாக இருந்தன. அடுப்பை ஒட்டிய பகுதிக்காவது எஃகு வைக்க வேண்டும் என்று மனம் சொல்லத்தான் செய்தது. செல்லையாவின் தீ மட்டாக எரியும், அந்தச் சூட்டை அலுமினியம் தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டு அதை அடக்கினேன். ஒரு மனிதன் தவறமாட்டான் என்ற நம்பிக்கையில் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தேன்! எதற்கு எதிராக மேசையைத் தட்டினேனோ, அதையே செய்தேன்.

குழாய் வந்து இறங்கிய அன்று அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு துண்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வெறுங்கூடை கணக்கால்ல இருக்கு” என்று சிரித்தார். எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இது போர்க்கப்பலில் போடுகிற சாமான் என்று செல்லையா ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புகழில் நான் குளிர்காய்ந்தேன். உண்மை அதுதான்.

ஒரு பருவம் நன்றாகவே ஓடியது. அடுத்த பருவத்தில், மலையில் மழையும் காற்றுமாக அடித்த ஒரு பிற்பகலில், நான் விடுப்பில் போடிக்கு வந்திருந்தபோது, ஸ்டோர் எரிகிறது என்று தகவல் வந்தது. ஜீப்பில் ஏறி ஓடினேன்.

நான் போவதற்குள் தீயை அணைத்திருந்தார்கள். குழாய், ஈரச் சேலை போட்ட கொடி போல நடுவில் தொய்ந்து கிடந்தது. இணைப்பு விட்டுப்போய், அந்த வாய் வழியாக நெருப்புப் பொறி தட்டுகளுக்கு அடியில் பாய்ந்திருக்கிறது. அப்போது மதினி உள்ளே தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். செல்லையா ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே புகுந்து அவரைத் தூக்கி வந்திருக்கிறார். மதினிக்கு முடி கருகியதோடு போயிற்று. செல்லையாவின் வலக்கை முழங்கைவரை வெந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “தம்பி வந்து பாக்கட்டும், எதனால ஆச்சுன்னு தெரியணும்ல” என்று எனக்காகக் காத்திருந்தார்.

அடுப்பைக் குனிந்து பார்த்தேன். வழக்கமான அளவுக்குத்தான் விறகு இருந்தது. அன்றைய காற்று தீயைக் குழாய்க்குள் அதிகமாக இழுத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. எஃகாக இருந்திருந்தால் சிவந்து, ஆறி, நின்றிருக்கும். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“என்னடா ஆச்சு?” என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கப்பல்காரரின் முகத்தை.

“தீ கூடிப் போச்சுண்ணே” என்றேன்.

செல்லையா நிமிர்ந்தார். “எப்பயும் போடுற மாதிரிதானே தம்பி போட்டேன்...” என்று தொடங்கியவர், என்னைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டார். “தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கேயோ கை தவறிருச்சு போல.”

“என் உசுரக் காப்பாத்துன மனுசன். அவர யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது” என்றார் மதினி. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவரை மன்னித்தார்கள். செய்யாத தவறுக்கு மன்னிப்பு! அதைவிடக் கொடுமையான தண்டனை உண்டா, சொல்லுங்கள்? தொய்ந்த குழாயை நானே ஜீப்பில் ஏற்றிப் போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அண்ணன் கேட்டபோது, இந்த முறை எஃகுக் குழாய் போடுங்கள் என்றேன். கப்பல்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

செல்லையாவின் கை ஆறியது. ஆனால் அவர் மறுபடி அடுப்புப் பக்கம் போகவில்லை. அண்ணன் எவ்வளவோ வற்புறுத்தியும், மூட்டை ஏற்றி இறக்கும் சோலி போதும் என்றுவிட்டார். பீடியை விட்டார். கோயிலில் சூடம் ஏற்றக்கூட மனைவியிடம் கொடுத்துவிடுகிறார் என்று மதினி ஒருமுறை சொன்னார். தன் தீயைப் பற்றி அத்தனை பெருமை பேசிய மனிதர், தன் கையை நம்புவதை நிறுத்திவிட்டார். அந்த நம்பிக்கையை நான் பறித்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு அலுவலகத்தில் நான் இன்னும் கடுமையானவன் ஆனேன். ஒரு கப்பலில் அலுமினியமாக இருந்த ஏணியையும் நடைவழியையும் எஃகாக மாற்ற வைத்தேன். பிறகு அந்தக் கப்பலின் சமையலறையில் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் அந்த ஏணி வழியாகத்தான் வெளியே வந்தார்கள். பாராட்டினார்கள். கைகுலுக்கினார்கள். எனக்குச் செல்லையாவின் வெந்த கைதான் கண்முன் நின்றது.

போன பருவத்தில் முடிவு செய்தேன். போடி ஏல மையத்துக்கு லோடு இறக்க வந்த செல்லையாவைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனேன். தலையெல்லாம் நரைத்திருந்தது, மீசை மட்டும் முன்போலவே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், கணக்கு, பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. “உங்க தீ கொஞ்சமும் கூடலண்ணே. நான் சொன்ன குழாய்தான் தப்பு” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “இவரு யாருன்னு தெரியுமாப்பா? யுத்தக் கப்பலு கட்டுறவரு. என் மனசு ஆறணும்னு, நான் செஞ்ச தப்பத் தன் மேல போட்டுக்கிறாரு. இப்படி ஒரு மனுசன நீங்க பாத்துருக்க மாட்டீங்க.” ஒரு காலத்தில் தன் தீயைப் பற்றிப் பேசிய அதே பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது.

“இல்லண்ணே, சத்தியமா...” என்றேன். “விடுங்க தம்பி, எனக்குத் தெரியாதா உங்க கொணம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பேறிய அந்தக் கை என் கையைவிடச் சூடாக இருந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “செல்லையாண்ணே, பாய்லர் அணையுது. வெரசா ரெண்டு கை கரி அள்ளிப் போடுங்க.”

செல்லையா பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டார். “நமக்கு அது ஆகாதுப்பா. வேற ஆளச் சொல்லு.”

நான் எழுந்துபோய்க் கரியை அள்ளிப் போட்டேன்.

“தம்பி கை பட்டா சரியா எரியும்” என்றார் செல்லையா.