வேணாம் டீச்சர்

குனிந்து, மேசைக்கு அடியில் தொங்கும் ஒயரை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறாள் டீச்சர். கையோடு வந்துவிட்டால் அந்த மாடலுக்கு இன்று கரண்ட் கிடையாது. அடுத்த மேசையில் எரிமலை மாடல், பக்கத்தில் அதைச் செய்த பையன்.

"பாதுகாப்புக் கண்ணாடி எங்கடா?"

"பையில இருக்கு டீச்சர்."

"கண்ணும் பையிலதான் இருக்கா?"

பக்கத்து மேசைக்காரன் சிரிக்கிறான். அவனுடைய பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை என்பதால் அந்தச் சிரிப்பு நீடிப்பதில்லை.

இதையெல்லாம் பள்ளி மண்டபத்தின் வாசலோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவள் டீச்சருடைய அக்கா. எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அறிவியல் கண்காட்சியன்று மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவாள். டீச்சர் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டு அவள் தைத்தது. இரண்டு பக்கமும் பாக்கெட். ஒரு தையல் கோணாது.

பிள்ளைகள் டீச்சருக்கு வைத்திருக்கும் பெயர் 'வேணாம் டீச்சர்'. சோப்புத் தண்ணீரில் மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கக் கிளம்பியவனை, "முதல்ல நீ இறங்கு, நான் நேரம் பாக்கறேன்" என்று திருப்பி அனுப்பியவள். கிருமி வளர்த்த தட்டுகளுக்கு, யாரும் திறந்துவிடாதபடி தன் கையாலேயே டேப் சுற்றுவாள். வீட்டில் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாலும் கேஸ் குழாயை ஒரு முறை தடவிப் பார்க்காமல் நகர மாட்டாள். "போடி, நான் என்ன உன் ஸ்டூடண்டா?" என்பாள் அக்கா. கோபம் மாதிரி இருக்கும், பெருமைதான்.

இந்த வருடம் ஒன்று டீச்சர் கையை மீறிப் போய்விட்டது. தூக்கம் கெட்டால் ஞாபகசக்தி என்ன ஆகும் என்று பார்க்க, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தம்பியையே பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் இரவெல்லாம் எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்பது. பையன் மூன்றாம் வகுப்பு. டீச்சர் அப்போதே முடியாது என்றாள். தலைமையாசிரியர் கேட்கவில்லை.

"அப்பா அம்மாவே சரின்னுட்டாங்க. அவங்க வீட்டுப் புள்ளை. உங்களுக்கு என்ன டீச்சர்?"

"பையன் சரின்னானா சார்?"

"அவனைக் கேட்டா ஸ்கூலே வேணாம்பான்."

இன்று அந்தப் பையனும் மேசைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருக்கிறான். கண்ணுக்குக் கீழே மை அப்பியது போலிருக்கிறது. டீச்சர் அவன் உயரத்துக்குக் குனிகிறாள்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே கண்ணா?"

"சொன்னேனே. அதையும் எழுதிக்கிட்டா."

பின்னால் ஒட்டியிருக்கும் சார்ட்டில் சிவப்பு மையில் இருக்கிறது: மூன்றாம் நாள், ஒத்துழைப்பு குறைகிறது.

"நல்லா வந்திருக்கா டீச்சர்?" என்று கேட்கிறாள் அந்தப் பெண். கெட்டவள் இல்லை. தம்பிக்குத் தலைவாரி, கழுத்துப் பொத்தான்வரை போட்டுவிட்டுக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போகிறாள். போன வேகம் திரும்பி வரும்போது இல்லை.

"எடுக்கச் சொல்லிட்டாரா?" என்கிறாள் அக்கா.

"முதல் பரிசே அதுக்குத்தானாம்."

"நீ சொன்னா கேப்பாங்களேடி."

"ஒயர்னா கேப்பாங்கக்கா."

மைக்கில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கைதட்டல். "தம்பியும் மேடைக்கு வரணும். டீச்சர், கூட்டிட்டு வாங்க!"

பையன் மேசைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருக்கிறான். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவனை எழுப்ப அந்தப் பெண் கையை நீட்டுகிறாள். டீச்சர் சட்டென்று அந்தக் கையைத் தடுக்கிறாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அக்கா நாற்காலியைவிட்டு எழுந்து நிற்கிறாள்.

"டீச்சர், டைம் ஆகுது," என்கிறது மைக்.

டீச்சர் அவன் தோளைத் தொட்டு மெல்ல அசைக்கிறாள். கண்ணைத் திறக்காமலே அவன் முழங்கையை மடித்து முகத்தை மூடிக்கொள்கிறான்.

டீச்சர் மறுபடியும் உலுக்குகிறாள்.