குருவி விரட்டிய பாட்டு

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பியதுமே சண்டை. தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் டிரெய்னி பெண் போனில் புதுப் பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்திருந்தாள். என்னோடு லைனில் வேலை செய்யும் செல்வி வெடுக்கென்று திரும்பினாள்.

"இன்னாடி இது, பாட்டா? தகரத்த உருட்டுற மாரி கீது."

"நல்லாத்தானக்கா இருக்கு."

"நிறுத்துன்னா நிறுத்து."

என் அப்பாவும் தகரம் என்றுதான் சொல்வார்.

என் சின்ன வயதில், சேரப்பணஞ்சேரி வீட்டில் டேப்ரிக்கார்டர் அப்பாவுடையது. அவர் இல்லாதபோது அக்கா தன் கேசட்டைப் போடுவாள். அவருடைய சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று நான் வாசலில் நிற்பேன். அவர் வருவதற்குள் அவருடைய கேசட்டை, அவர் நிறுத்திய இடத்திலேயே திரும்ப வைத்தாக வேண்டும்.

ஒருநாள் அக்கா மறந்துவிட்டாள். அப்பா பட்டனை அழுத்தியதும் அவள் பாட்டு வீடு அதிர ஒலித்தது. அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா கத்தவும் இல்லை. கேசட்டின் நாடாவை முழுக்க உருவி வயலுக்கு எடுத்துப்போனார். கதிரின்மேல் குருவி இறங்காமலிருக்க அதைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினார். காற்றில் அது விர்ரென்று துடித்தது.

"பாரு, குருவிக்கே புடிக்கல."

அறுப்பு முடியும்வரை அக்கா அவரிடம் பேசவில்லை.

பஸ்ஸில் அந்தப் பெண் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் ஸ்பீக்கரில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். முதல் தாளத்திலேயே என் காது சைக்கிள் சத்தத்தைத் தேடியது. அக்காவின் கேசட்டில் இருந்த அதே பாட்டு.

செல்வி கண்ணை மூடிச் சாய்ந்தாள். "இதாண்டி பாட்டு" என்றாள்.