பூட்டாத கதவு

இது கதை இல்லை. நடந்தது. 'ஏசி குளிராக இருந்திருக்கும், மனப்பிரமையாக இருந்திருக்கும்' என்று எனக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். விளக்கம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன், துறைமுகத்து மீன் கிடங்கின் குளிர் அறைக்குள் விறைத்துச் செத்தான். கிடங்கு முதலாளி அண்ணியிடம் வாய் கூசாமல் சொன்னார்: "கதவு பூட்டவே இல்லம்மா. உள்ள குமிழ் இருக்கு, சும்மா தள்ளினாலே திறக்கும். குடிச்சிட்டுப் படுத்திருப்பான்." இருமல் மருந்து குடிக்கவே முகம் சுளிப்பவன் என் அண்ணன். யாரிடம் போய்ச் சொல்வது? குடிகாரன் செத்தான் என்று வழக்கை மூடினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அண்ணி இத்தனை வருஷமும் தெருவில் நடந்தாள்.

போன கோடையில் அதே கிடங்கை ஆர்ட் கேலரி ஆக்கினார்கள். வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கூரை, கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க இடம். திறப்பு விழாவில் முதலாளிக்கு முன்வரிசை நாற்காலி. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"அவர் கடைசியா நின்ன இடம். ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்," என்றாள் அண்ணி.

போனோம்.

மாலை 5.20. மூன்றாவது அறை. நடுவில் ஒரு கதவு மட்டும் தனியாக நின்றது. சுவர் இல்லை. முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். அண்ணன் செத்த அறையின் கதவு அது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் தலைப்பு போட்டிருந்தார்கள்: 'மௌனம்.' மௌனமாம்! ஒரு பெண் அதை ஒட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அது இதுதான்.

கதவின் உள்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தகடு. அதை அசைக்க முடியாதபடி ஆணி அடித்திருந்தார்கள். தகட்டைச் சுற்றிலும் நகக் கீறல்கள். தகட்டின் மேலேயும் கீறல்கள். அப்படியென்றால், அவன் உள்ளே கிடந்தபோதே குமிழை மூடித்தான் வைத்திருந்தார்கள்.

பாவி. ஒன்பது வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான்.

"நல்ல டெக்ஸ்சர்," என்றார் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர். அவரை அறையாமல் விட்டது என் பெரிய மனசு.

அண்ணி அந்தக் கீறல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

5.40. எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கதவின் வெளிப்பக்கம் வந்தேன்.

டப்... டப்...

உள்ளங்கையால் இரண்டு தட்டு. அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பெல் அடிக்க மாட்டான். இப்படித்தான் தட்டுவான்.

"அண்ணி, நீங்களா?"

"நான் இல்ல."

எட்டிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வெளியே சுட்டெரிக்கும் கோடை.

டப்... டப்... டப்டப்டப்...

கதவின் அடியிலிருந்து என் கால்மேல் குளிர் ஏறியது. மீன் வாடை.

"தொறந்து விடு," என்றாள் அண்ணி.

கைப்பிடியை இழுத்தேன்.

திறந்தது.

அந்தப் பக்கம் அண்ணி நின்றிருக்க வேண்டும்.

இல்லை.

இருட்டு...

ஏதோ ஒன்று, ஐஸ் மாதிரி, என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

தட்டல் நின்றது.

"அதத் தொடக் கூடாதுங்க," என்று காவலாளி ஓடி வந்தார். கதவு மூடியிருந்தது. அண்ணி அதன் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"திறந்துச்சு," என்றேன்.

"எப்படிங்க திறக்கும்? வெல்டு வெச்சிருக்கு." காட்டினார். கதவையும் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்திருந்தார்கள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் காலை முதலாளியின் கார் டிரைவர் வந்தார். எங்கள் தெருக்காரர்தான். முதலாளி செத்துப்போனார் என்றார். முந்தின நாள் சாயங்காலம் படுக்கையறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தவர். ஆறு மணிக்குக் காபி கொண்டுபோன சமையல்காரர்தான் முதலில் பார்த்தாராம். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. இமையில் பனித்தூள். ஏசி ஓடவில்லை. பத்து விரலிலும் நகம் பிய்ந்து, கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல்.

"வெளிய பூட்டியிருந்துச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

"அதாங்க யாருக்கும் புரியல. பூட்டவே இல்ல. சும்மா தள்ளினாலே திறக்கும்."

"குடிச்சிட்டுப் படுத்திருப்பார்," என்றாள் அண்ணி.