அட்டையின் வலப்பக்கம்

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் உத்திரமேரூரிலிருந்து ஒரு தகரப் பெட்டி காஞ்சிபுரத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும். வாரம் தவறாது. கண்டக்டர் அதை வாசலில் வைத்துவிட்டு விசில் ஊதிக்கொண்டே ஓடிவிடுவார். போன வியாழன் அவர் ஓடவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். "ஞானம்மா பூட்டாங்க டாக்டர். மூணு நாள் ஜொரம்தான்" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? பெட்டி ஏன் இத்தனை கனமாக இருக்கிறது என்று கேட்டேன். துக்கம் வந்தால் மனிதனுக்குப் புத்தி எங்கேயோ போய்விடுகிறது. தன்னிடம் இருந்த நோயாளி அட்டைகளையெல்லாம் டாக்டரிடம் சேர்த்துவிடும்படி ஞானம்மா காய்ச்சலில் படுத்தபடியே சொல்லியிருந்தாராம்.

இந்த ஆஸ்பத்திரி மலரைப் படிக்கிற உங்களில் பலர் ஞானம்மா கையால் கண்கட்டைப் பிரித்துக்கொண்டவர்கள். அவரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மானாம்பதிப் பக்கத்தில் கழனி வேலை செய்த குடும்பம். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படிப்பு. வார்டு ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. என் கோபத்தைப் பார்த்து இந்த ஆஸ்பத்திரியில் பயப்படாதவர் அவர் ஒருவர்தான். நான் கத்தி முடிக்கும் வரை ஏதாவது துணியை மடித்துக்கொண்டிருப்பார். முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்.

அந்த நாளில் கண்புரை ஆபரேஷன் என்றால் கத்தியைவிடப் படுக்கைக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள். புரை விழுந்த வில்லையை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, இரண்டு கண்ணையும் கட்டி, தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாந்து படுக்கச் சொல்வோம். இருமக்கூடக் கூடாது. வெட்டிய இடத்தை மெல்லிய பட்டு நூலால் தைத்துவிட்டால் மறுநாளே எழுந்து உட்காரலாமே என்பது என் எண்ணம். மெட்ராஸில் பெரியவர்கள் ஒப்பவில்லை. சரி, ஆராய்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறையில் முகாம் போட்டோம். ஒரு செம்பில் 'படு', 'உட்கார்' என்று எழுதிய சீட்டுகள். யாருக்கு எது வருகிறதோ அது; 'உட்கார்' என்றால் தையல். குடத்தில் ஓலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த ஊராயிற்றே, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நெசவுக்காரர் ஒருவர் மட்டும், தைக்கிற பட்டு நம்ம ஊர்ப் பட்டுதானா என்று விசாரித்துவிட்டுத்தான் படுத்தார்.

ஒரு வருஷம் வரை ஒவ்வொருவரையும் ஊருக்குப் போய்ப் பார்த்து, கண் எப்படி இருக்கிறது என்று அட்டையில் எழுத வேண்டும். அந்த வேலையை ஞானம்மா ஏற்றுக்கொண்டார். உத்திரமேரூரில் தங்கி, நடந்தும் மாட்டு வண்டியிலும் போவார்; எழுதிய அட்டைகளை வாரா வாரம் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புவார். முதல் சுற்று அட்டைகள் வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படுத்தவர், உட்கார்ந்தவர் எல்லாருக்கும் ஒரே பதில்: நல்லா கீது. கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவர் வந்து, அதை எழுத வேண்டாம் என்றார்.

மானாம்பதியில் ஒருவர் 'நல்லா கீதும்மா' என்று கும்பிட்டுவிட்டு எழுந்தாராம். எழுந்தவர் நிலைப்படியைக் கையால் தடவித் தேடினாராம். வழக்கம்போல நான் கத்தினேன். அவர் கட்டுத்துணிகளை மடித்தார். பிறகு சொன்னார்: "இன்னா டாக்டர், கேட்டா சொல்லுவாங்களா? கண்ணு குடுத்தவரு மனசு நோவக் கூடாதுன்னு நல்லா கீதுன்னுதான் சொல்லுவாங்க. கேக்காதீங்க. கையில ஒரு வேலையக் குடுத்துட்டுப் பாத்துக்கினு இருங்க."

அன்று முதல் அவர் கையில் ஒரு சின்ன முறம் ஏறியது. ஒரு பிடி அரிசி, அதில் எட்டுக் கல். பெண்களிடம் கொடுத்துப் பொறுக்கச் சொல்வார். ஆண்கள் அது பொம்பளை வேலை என்று முறைத்தால், விதை நெல்லைக் கொட்டி, அரிசி பிடிக்காத கருக்காயைப் பொறுக்கச் சொல்வார். அதற்கு மறுப்பில்லை. அட்டையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் 'சொன்னது', வலப்பக்கம் 'செய்தது'. இடப்பக்கம் பூராவும் நல்லா கீது. வலப்பக்கத்தை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேருக்குக் கல்லே தெரியவில்லை.

என் தையல்தான் தோற்றது என்று நான் இடிந்து போயிருந்தேன். அவர் அதோடு விடவில்லை. நாங்கள் கொடுத்த சோடாபுட்டிக் கண்ணாடி எங்கே என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். வில்லையை எடுத்த கண்ணுக்கு அது இல்லாமல் உலகமே மூட்டம்தான். கண்ணாடிகள் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. "தெனம் போட்டா தேஞ்சிபூடும்மா. கல்யாணம் காட்சின்னா எடுத்துப் போட்டுக்குவேன்" என்றாளாம் ஒருத்தி. கண்ணாடியை மாட்டிவிட்டு மறுபடி முறத்தைக் கொடுத்தார். கற்கள் வெளியே வந்தன. உட்கார்ந்தவர்களின் கண் படுத்தவர்களின் கண்ணைவிட எந்த விதத்திலும் மோசமில்லை என்று அந்த முறம்தான் சொன்னது.

சீமையில் ஒரு டாக்டர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கிறாராம் என்று நான் படித்ததைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அத்த சீக்கிரம் வாங்கியாங்க டாக்டர். கண்ணுக்குள்ள கீறத ஆரும் பொட்டியில வெச்சிப் பூட்ட முடியாது." நம்பகமாகச் செய்யக்கூடிய நிலைக்கு அது இன்னும் வரவில்லை என்றேன். வரும் வரை முறத்தோடு சுற்றுவதாகச் சொன்னார்.

பிறகு அவருக்கே வலது கண்ணில் புரை வந்தது. சலுகை எதுவும் வேண்டாம், தனக்கும் செம்பை நீட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 'உட்கார்' வந்தது. நான்தான் செய்தேன். என் கை அன்று நன்றாக ஓடியது. மறுநாள் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இரண்டு மாதத்தில் பழையபடி அட்டைகளோடு கிளம்பிவிட்டார். இன்னும் சில மாதம் போனது. எங்கள் முடிவுகளை மெட்ராஸில் டாக்டர்கள் கூட்டத்தில் படிக்கும் நாள் நெருங்கியது. அவருடைய அட்டை மட்டும் நிரப்பாமல் இருந்தது. நான் முகாமில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்தார்.

"தெரியுதா ஞானம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா கீது டாக்டர்" என்றார்.

இடப்பக்கத்தில் அதை நானே எழுதி, அட்டையை அவரிடமே கொடுத்தேன். முறம் அவர் இடுப்பில்தான் இருந்தது. வாங்கி, ஒரு பிடி அரிசி போட்டுக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. ஞானம்மாவைப் போய் யாராவது சோதிப்பார்களா என்று இருந்துவிட்டேன். மெட்ராஸில் கட்டுரையைப் படித்தேன். கை தட்டினார்கள். திரும்பி வந்து அவரிடம் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை மூன்று நாள் நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். எல்லாம் ஊர்வாரியாகக் கட்டி, நூல் சுற்றியிருந்தது. அடியில் அவருடைய அட்டை. இடப்பக்கம் என் கையெழுத்தில் நல்லா கீது. வலப்பக்கம் அவருடைய உருண்டை எழுத்து. நான் மெட்ராஸ் புறப்படுவதற்கு நான்கு நாள் முந்திய தேதி.

'பக்கத்து வீட்டு மேரி கல் போட்டாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி போட்டுப் பார்த்தது. கல் எட்டு. எடுத்தது ஒன்று. மேலே இருந்து கருப்பு இறங்குகிறது. டாக்டர் மெட்ராஸ் போய் வரட்டும். அப்புறம் சொல்ல வேண்டும்.'

அதற்குக் கீழே, ஒரு மாதம் கழித்து: 'மறுபடி பார்த்தது. ஒரு கல்லும் தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை.'

கருப்பு இறங்குகிறது என்றால் விழித்திரை பிரிகிறது என்று அர்த்தம். அன்றே தெரிந்திருந்தால் என்னோடு மெட்ராஸுக்கே அழைத்துப் போயிருப்பேன். அங்கே ஏதாவது செய்து பார்த்திருப்பார்கள். உட்கார்ந்ததால் அப்படி ஆகாது என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் உட்கார வைத்ததால்தான் ஆஸ்பத்திரி ஆளுக்கே கண் போயிற்று என்று கூட்டத்தில் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் மனசு நோகக் கூடாது என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, அட்டையில் மட்டும் பொய் சொல்ல மாட்டாமல் எழுதி வைத்திருக்கிறார். கோபம் கோபமாக வருகிறது. கத்தினால் துணி மடிக்க எதிரில் ஆள் இல்லை.

கூட்டம் நடத்தியவர்களுக்கு நேற்றே கடிதம் எழுதிவிட்டேன்: ஒரு கண் நல்லபடி ஆனதாகச் சொன்னது தவறு, அதைத் தோல்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. ஓர் அட்டையால் முடிவு மாறிவிடாது. இருந்தாலும் அது ஞானம்மாவின் அட்டை, போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

அட்டையின் பிரதியைத்தான் அனுப்பினேன். அசல் என்னிடம் இருக்கிறது. முறத்தையும் அவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மேசைமேல் வைத்திருக்கிறேன். காலையில் ஒரு பிடி அரிசி போட்டு, எட்டுக் கல்லையும் எண்ணிப் போட்டேன். இனி கேட்க மாட்டேன் ஞானம்மா, கையில்தான் கொடுப்பேன். வாங்கிக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.