பீப்பாய்க்குக் காது கேட்கும்

நூற்பாலையின் மெஷின் கூடத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் இரைச்சலில் கேட்காது. உள்ளங்கையை விரித்தால் 'நிறுத்து'. மார்பைத் தட்டினால் 'இங்கே வா'. ஃபிட்டரும், அங்கே அறுந்த இழைகளை ஒட்டும் அவர் மனைவியும் சைகையிலேயே சண்டை போட்டு, சைகையிலேயே கல்யாணத்துக்குச் சம்மதித்தவர்கள். வீட்டுக்கு வந்தால்தான் வாய் ஓயாது. அது மகன் இருந்தவரை. போன வருடம் பைக் விபத்தில் அவன் இறந்த பிறகு, மெஷின் கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பிட வா, விளக்கை அணை, எல்லாமே கைதான். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் இல்லை. அழுகையும் எப்போதோ நின்றிருந்தது.

நாய் வேண்டும் என்று கேட்டது அவள்தான். "வீட்டுல ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும்டா" என்றாள் தம்பியிடம். பெரிய ரகம் என்றால் பெரிய குரைப்பு என்பது அவள் கணக்கு. பார்சல் வேன் ஓட்டும் தம்பி, நாய்க் காப்பகத்திலிருந்து கிரேட் டேன் கலப்பு ஒன்றை ஏற்றிவந்தான். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. இறக்குவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, இது நாயா, கன்னுக்குட்டியா? மாடுன்னு நெனச்சுப் பால் கறக்க உக்காந்துடாத. மாமா, பேரு பீப்பாய். சரிதானே?"

ஃபிட்டர் தலையசைத்தார்.

முதல் சில நாள் குரைத்தது. அவர் யோசிக்காமல் உள்ளங்கையை விரித்தார். அது உட்கார்ந்தது. அவள் மார்பைத் தட்டினாள். அது வந்தது. பெயரை ஒருவரும் சொல்லவில்லை. குரைப்பும் குறைந்து நின்றேபோனது.

ஒரு மாதம் கழித்துக் காப்பகத்து டாக்டரம்மா வந்தார். காப்பகத்து விதிப்படி, பெரிய நாய் என்றால் பெயர் சொன்னதும் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"பீப்பாய்!"

நாய் சுவரைப் பார்த்தபடி நின்றது. மறுபடி கூப்பிட்டார். காதுகூட அசையவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். துள்ளித் திரும்பியது.

"காது நல்லாத்தான் கேக்குது. பேருதான் தெரியல. ஏங்க, இதைக் கூப்பிடவே மாட்டீங்களா?"

ஃபிட்டர் மார்பைத் தட்டினார். நாய் வந்து அவர் காலருகே நின்றது.

"சரி, பழக்கியிருக்கீங்க. முதுகைக் காட்டிட்டு ரோட்டுல ஓடினா? அப்ப உங்க கையை எப்படிப் பாக்கும்?"

டாக்டரம்மா கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டினார்.

"ஒரு வாரம் குடுங்கம்மா." அவள் குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. "பேசுறோம்."

"என்கிட்ட இல்ல, அதுகிட்ட" என்று கயிற்றை விட்டுவிட்டுப் போனார் டாக்டரம்மா.

ஒரு நாயிடம் என்ன பேசுவது? அன்று மாலை ஃபிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பீப்பாய், இன்னிக்கு மூணாம் மெஷின்ல பெல்ட் போயிடுச்சு."

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "போன மாசம்தானே மாத்துனாங்கன்னு கேளு, பீப்பாய்."

"மட்டமான சரக்குன்னு சொல்லு, பீப்பாய்."

மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்லும் கதைதான். யார் பக்கம் போவதென்று தெரியாமல் நாய் நடுவில் நின்றது.

மறுநாளும் பேசினார்கள். பாத்திரம், பக்கத்து வீட்டுக் குழாய், தம்பியின் வேன். வாரக் கடைசியில் அவள் சொன்னாள்: "பீப்பாய், நம்ம புள்ள சட்டையெல்லாம் மடிச்சபடியே கெடக்குது. எடுத்து வெயில்ல போடணும்னு சொல்லு."

அவர் எழுந்து போய் வாசலில் துணிக்கொடியை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

"சரின்னு சொல்லு, பீப்பாய்" என்றார் ஃபிட்டர்.

டாக்டரம்மா மறுபடி வந்ததும் கேட்டைத் திறந்து, கயிற்றைக் கழற்றிவிட்டார். நாய் தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

"பீப்பாய்!" என்றாள் அவள். உரக்கக்கூட இல்லை.

நின்றது. திரும்பியது. அவசரமில்லாமல் நடந்து வந்தது.

டாக்டரம்மா கயிற்றை அவள் கையில் கொடுத்தார். சந்தோஷம் என்று எதுவும் அவளுக்கு வரவில்லை. பக்கத்தில்தான் கணவர் நின்றிருந்தார்.

"பீப்பாய், உள்ள போகலாம்னு அவர்கிட்ட சொல்லு" என்றாள்.