அடுத்தவனின் கம்புகள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற குளிர்நாட்டு ஊரில், வீட்டு வாசல்களில் பனி தள்ளும் தொழிலை நான் தொடங்கிய ஆண்டு அது. பனிக்காலத்துக்கு முன்பே, இந்த வீடு நம் வாடிக்கை என்று காட்ட, வாசலில் நம் போன் நம்பர் எழுதிய கம்புகளை ஊன்றிவிட வேண்டும். ஒரு தெருவில் எனக்கு முன்பே ஒருவர் ஊன்றிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பளித் தொப்பி, கையில் சுத்தியல். ஒவ்வொரு கம்பையும் அடித்தபின் ஒற்றைக் கண்ணை மூடி, நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

“தம்பி, இந்தத் தெருவை விடும். இஞ்சை ஸ்னோ தள்ளுற வெள்ளைப் பெடியன் ஆமியோடை ஆப்கானிஸ்தானுக்குப் போயிட்டான். வருமட்டும் அவன்ர வீடுகளை ஒருத்தரும் எடுக்கக் கூடாது.”

“அதுவரைக்கும் ஆர் தள்ளுறது?”

“நான்தான். மெஷின் இல்லை, கையாலை, ஷவலாலை.”

“அவன் உங்களுக்கு என்ன முறை?”

“ஒண்டுமில்லை. என்ர வீட்டுக்கும் அவன்தான் தள்ளுறவன்.”

போருக்குப் போனவனின் பெயரைச் சொல்லி அவன் கடையையே சுருட்டியவர்களை ஊரில் கண்டவன் நான். அவர் ஊன்றிய கம்பிலிருந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். பனி கரையும்போது வருவேன் என்று ஓர் இளைஞனின் குரல் பிரெஞ்சில் பதிவாகியிருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை.

முதல் பனி கொட்டிய காலை, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன். அவர் நாலாவது வீட்டு வாசலில் ஷவலோடு நின்றார். அவருடைய சொந்த வாசலில் பனி அப்படியே கிடந்தது. என் ட்ரக்கின் பக்கத்து சீட்டில், அந்தத் தெருவில் போடவென்று நான் அடித்த விளம்பரத் தாள்கள் இருந்தன.

அவர் நிமிர்ந்தார். ஒற்றைக் கண்ணை மூடி என்னைப் பார்த்தார்.